வேலூர் வெயிலுக்கு கம்ப்யூட்டரில் லிக்விட் கூலர் கட்டாயமா?

கேள்வி இதுதான். சத்துவாச்சாரியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை, ஏசி கிடையாது. ரைசன் 7 7700எக்ஸ் ப்ராசசர், ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு போட்டு ஒரு மெஷின் கட்டப்போகிறீர்கள். வேலை, கல்யாண வீடியோ எடிட்டிங். இரவில் கொஞ்சம் கேம். "வேலூர் வெயிலுக்கு லிக்விட் கூலர் இல்லாமல் தாங்காது" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா, இல்லை ஹீட்சிங்க்கும் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகள்) ஃபேனும் சேர்ந்த சாதாரண கூலரே போதுமா?

போதும். நீங்கள் எழுதியிருக்கும் ப்ராசசருக்கு நல்ல இரட்டை டவர் கூலர், அதாவது தகட்டு அடுக்கு இரண்டு உள்ள ஹீட்சிங்க், தாராளம். லிக்விட் கூலர் தேவைப்படும் இடங்களும் உண்டு, அவற்றைக் கீழே சொல்கிறேன். ஆனால் அதற்குக் காரணமாக வேலூர் வெயிலைக் காட்டுவது தவறு. வெயில் அதிகம் என்பதே லிக்விடைத் தவிர்க்க ஒரு காரணமாகவும் ஆகலாம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்மூரில் ஏர் கூலர் என்றால் ஜன்னலோரம் வைத்து தண்ணீர் ஊற்றும் பெட்டிதான் நினைவுக்கு வரும். அதனால் ப்ராசசர் மேல் உட்காரும் ஹீட்சிங்கை இங்கே டவர் கூலர் என்றே சொல்கிறேன். கடையில் சீல் செய்து வரும் லிக்விட் கூலரை ஏஐஓ என்கிறேன். அதற்குள் யாரும் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, ஊற்றவும் வழியில்லை.

இந்தக் குழப்பத்துக்குள்ளேயே விஷயமும் இருக்கிறது. ஜன்னலோரப் பெட்டியில் தண்ணீர் ஆவியாகிறது. ஆவியாகும்போது காற்றிலிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போவதால், வெளியே இருப்பதைவிடக் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் பானை வியர்ப்பதால்தான். ஏஐஓவில் இருக்கும் திரவம் வியர்ப்பதே இல்லை. ப்ராசசர் மேல் இருக்கும் செப்புத் தகட்டில் சூட்டை வாங்கி, பம்ப் தள்ள, ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போய், அங்கே ஃபேன் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. அவ்வளவுதான். அறை 38 டிகிரி என்றால் அந்தத் திரவம் 38க்குக் கீழே ஒருநாளும் இறங்காது.

டவர் கூலரிலும் தண்ணீர் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அதன் செப்புக் குழாய்கள் உள்ளே வெற்றிடமாக்கி சில துளி தண்ணீர் விட்டு மூடப்பட்டவை. ப்ராசசர் பக்கம் அந்த நீர் ஆவியாகி மேலே போகும், அலுமினியத் தகடுகள் பக்கம் குளிர்ந்து நீராகி, குழாயின் உட்சுவரில் இருக்கும் துளைகள் நிறைந்த பூச்சு வழியே கீழே திரும்பும். பம்ப் இல்லாமலே இது நடக்கிறது. ஆக, இரண்டு கூலரிலும் கடைசி வேலை ஒன்றே: அலுமினியத் தகடுகளுக்கு இடையில் அறைக் காற்றை ஊதுவது. ஏஐஓவுக்கு அந்தத் தகட்டுப் பரப்பு அதிகம், அதைக் கேபினெட்டின் ஓரத்தில் வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. லாபம் அங்கேதான்.

இப்போது கணக்கு. எந்தக் கூலரையும் "அறையைவிட எத்தனை டிகிரி கூடுதல்" என்றுதான் அளக்க வேண்டும். யூடியூபில் ஒருவர் 72 டிகிரி காட்டினால், அவர் அறை 22 டிகிரியா 25 டிகிரியா என்று பாருங்கள். 25 டிகிரி அறையில் 72 என்றால் கூடுதல் 47. உங்கள் அறையில் 39 இருந்தால் அதே கூலர், அதே வேலைக்கு 86 காட்டும். அறை ஒரு டிகிரி ஏறினால் ப்ராசசரும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும், டவரானாலும் ஏஐஓவானாலும். அதனால் கூலர் வாங்கும் முன் ஒரு சின்ன அறை வெப்பமானி வாங்கி, கேபினெட் வைக்கப்போகும் இடத்திலேயே வைத்து, மாலை 4 மணிக்கும் இரவு 11 மணிக்கும் குறித்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளமும் ஊரைச் சுற்றியிருக்கும் பாறை மலைகளும் இரவில் சூட்டைத் திருப்பிக் கொடுப்பதால், கத்திரி சமயத்தில் மாடி அறை நள்ளிரவு வரை ஆறாது. உங்கள் எடிட்டிங்கும் கேமும் அந்த நேரத்தில்தான்.

அடுத்தது ப்ராசசர் உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது என்பது. பெட்டியில் போட்டிருக்கும் டிடிபி (சூட்டின் வாட் மதிப்பு) எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். ரைசன் 5 7600க்கு 65 வாட் என்று போட்டிருக்கும், முழு வேகத்தில் 88 வாட் வரை போகும். உங்கள் 7700எக்ஸ் 105 என்று போட்டு 142 வரை போகும். இன்டெல் ஐ5 12400எஃப் 117 வாட் வரை. ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட், ஐ7 14700கே, ஐ9 14900கே இரண்டும் 253 வாட். 7800எக்ஸ்3டிக்கு 120 என்று போட்டிருந்தாலும், கேம் ஆடும்போது பெரும்பாலும் 80 வாட்டுக்குள் நின்றுவிடும்.

என் அளவுகோல் இது. ஏசி இல்லாத வேலூர் அறையில் 90 வாட் வரை நான்கு ஹீட்பைப் (மேலே சொன்ன செப்புக் குழாய்) ஒற்றை டவர் (டீப்கூல் ஏகே400 போன்றது) போதும். 90 முதல் 180 வாட் வரை ஆறு ஹீட்பைப் இரட்டை டவர் (தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, டீப்கூல் ஏகே620 வகை). அதற்கு மேலே, அதுவும் மணிக்கணக்கில் ரெண்டர் (எடிட் செய்த வீடியோவை முழுக் கோப்பாக்கும் வேலை) ஓடும் என்றால், 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் உள்ள ஏஐஓ. இடையில் இருக்கும் 240 மில்லிமீட்டர் ஏஐஓ, நல்ல இரட்டை டவரோடு கிட்டத்தட்ட சமமாகத்தான் ஓடும். விலை மட்டும் கணிசமாகக் கூடுதல். 120 மில்லிமீட்டர் ஏஐஓவை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ஒற்றை டவர் செய்யும் வேலையை பம்ப் சத்தத்தோடு செய்யும், அவ்வளவே.

7700எக்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கிய முதல் வாரத்திலேயே பயப்படுவீர்கள். எல்லா கோரும் (ப்ராசசருக்குள் கணக்கிடும் பகுதிகள்) முழு வேலையில் இருக்கும்போது 90, 95 என்று காட்டும். பழுது இல்லை. 95 டிகிரி வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும்படிதான் ஏஎம்டி அதை வடிவமைத்திருக்கிறது. கோர்கள் இருக்கும் சில்லு வெறும் 70 சதுர மில்லிமீட்டர் அளவு, விரல் நகத்தைவிடச் சிறியது. அதன் மேல் தடித்த உலோக மூடி. 142 வாட்டும் அந்தக் குறுகிய வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். கூலர் எவ்வளவு பெரிதானாலும் வாசல் அகலாது. இதனால்தான் இந்த ப்ராசசரில் இரட்டை டவருக்கும் 360 ஏஐஓவுக்கும் வித்தியாசம் சில டிகிரியோடு நின்றுவிடுகிறது.

அந்தச் சில டிகிரிக்குப் பணம் கொட்டுவதைவிட, சூட்டையே குறைத்துவிடலாம். பயாஸில் (விண்டோஸ் வரும் முன் திறக்கும் மதர்போர்டின் செட்டிங் திரை) பிபிஓ என்ற பகுதிக்குள் எக்கோ மோட் 65 வாட் என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் 142 வாட் 88 வாட்டாக இறங்கும். ரெண்டர் வேகத்தில் இழப்பு பத்து சதவீதத்துக்குள், கேமில் தெரியவே தெரியாது. அது வேண்டாம் என்றால், அதே பகுதியில் தெர்மல் லிமிட்டை 85 என்று வையுங்கள், கர்வ் ஆப்டிமைசரில் (வோல்டேஜைக் குறைக்கும் செட்டிங்) எல்லா கோருக்கும் நெகட்டிவ் 15 கொடுங்கள். இரண்டு நாள் வேலை செய்து பார்த்து, தானாக ரீஸ்டார்ட் ஆனால் 10க்கு இறக்குங்கள். காசு செலவில்லாத இந்த வேலை, வேலூர் மே மாதத்தில் எந்த ரேடியேட்டரையும்விட அதிகம் உதவும். இன்னும் வாங்கவில்லை என்றால் எக்ஸ் இல்லாத 7700ஐயும் யோசியுங்கள். அது 88 வாட்டோடு நிற்கும், கூலரும் பெட்டியிலேயே வரும்.

கடையில் ஏஐஓ போட்டு ஐந்து நிமிடம் ஓட்டி "பார்த்தீங்களா, 60தான்" என்று காட்டினால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உள்ளே ஏறத்தாழ கால் லிட்டர் திரவம் இருக்கிறது. அது சூடேறி நிலைக்கு வர பதினைந்து இருபது நிமிடம் ஆகும். அதுவரை சூட்டை வெளியேற்றாமல் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். டவர் கூலர் சில நிமிடங்களிலேயே தன் உண்மையான அளவைக் காட்டிவிடும். ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் அரை மணி நேரம் ஓட்டி, எச்டபிள்யுஇன்ஃபோ என்ற, வெப்பநிலை காட்டும் மென்பொருளில் கடைசிப் பத்து நிமிட எண்ணைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் முடியும் வேலைகளுக்கு இந்தச் சேமிப்பு ஏஐஓவுக்கு ஒரு நல்ல குணம்தான், ஃபேன் சட்டென்று அலறாது. மூன்று மணி நேர எக்ஸ்போர்ட்டில் அது உதவாது.

கேபினெட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பாதிப் பிரச்சினை அங்கேதான். முன்பக்கம் முழுக் கண்ணாடி, ஓரத்தில் விரல் அகலச் சந்து, உள்ளே மூன்று வண்ண ஃபேன். அந்தச் சந்து வழியாக எவ்வளவு காற்று வந்துவிடும்? உங்கள் 4070 மட்டுமே 200 வாட் சூட்டைக் கேபினெட்டுக்குள் கொட்டுகிறது. ஏஐஓவை மேலே மாட்டினால் அந்தச் சூடான காற்றைத்தான் ரேடியேட்டர் குடிக்கும். முன்னால் மாட்டினால் ரேடியேட்டருக்கு அறைக் காற்று கிடைக்கும், ஆனால் அது சூடாகி கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும். முன்பக்கம் வலைக் கண்ணி உள்ள கேபினெட், முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. இது இருந்தால் டவர் கூலர் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். கேபினெட் மூச்சுத் திணறுகிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அரை மணி நேரம் லோடில் ஓட்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கக் கதவைக் கழற்றி இன்னும் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றம் கூலரில் இல்லை.

டவர் கூலரில் இன்னொரு நன்மை, அதன் ஃபேன் காற்று ப்ராசசரைச் சுற்றியிருக்கும் மின்சப்ளைப் பகுதியையும் தடவிக்கொண்டு போகும். ஏஐஓ போட்டால் அந்த இடத்தில் காற்றே அசையாது. விலை குறைந்த மதர்போர்டில், அங்கே சின்ன ஹீட்சிங்க்கூட இல்லாத போர்டில், மே மாதம் இது முக்கியம்.

சரி, எது எப்படிக் கெடும்? டவர் கூலரில் கெடக்கூடியது ஃபேன் ஒன்றுதான். அது நின்றாலும் ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்து உயிரோடு இருக்கும். வேறு ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனை அன்றைக்கே வேலூரில் வாங்கி, கிளிப் பொருந்தாவிட்டால் கேபிள் டை போட்டுக் கட்டி ஓட்டலாம். ஏஐஓவில் பம்ப் நின்றால் கதை வேறு. திரவம் அசையாமல் நிற்க, பயாஸ் திரையிலேயே சில நிமிடத்தில் 90ஐத் தாண்டும். இரண்டு குழாய்களைத் தொட்டுப் பாருங்கள்: ப்ராசசர் பக்கம் கொதித்து, ரேடியேட்டர் குளிர்ந்து கிடந்தால் பம்ப் போயிருக்கிறது, இல்லை உள்ளே படிவு அடைத்திருக்கிறது. பழுது பார்க்க வழியில்லை, முழுசாக மாற்ற வேண்டும். வாரண்டி இருந்தாலும் சென்னைக்கு அனுப்பி, புதியது வரும் வரை மெஷின் சும்மா கிடக்கும். முகூர்த்த மாதத்தில் டெலிவரி தேதி சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஏஐஓதான் வேண்டும் என்றால், உங்கள் சாக்கெட்டுக்கு (மதர்போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) பொருந்தும் ஒரு மலிவான டவர் கூலரையும் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பம்ப் கெடாவிட்டாலும் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்ச் சுவர் வழியே கசிந்து ஆவியாகும். சூடு கூடினால் இது வேகமாகும். வருடங்கள் போகப் போக உள்ளே காற்றுக் குமிழி சேரும். மெஷினை ஆன் செய்ததும் களகள என்று சத்தம் கேட்பது அதனால்தான். அந்தக் காற்று பம்ப்புக்குள் புகக் கூடாது. அதற்காக ஒரு விதி: ரேடியேட்டரின் மேல் நுனி எப்போதும் பம்ப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். மேலே மாட்டுவது முதல் தேர்வு. முன்னால் மாட்டினால் குழாய்கள் கீழ்ப்பக்கமாக வரட்டும். கேபினெட்டின் அடியில் மாட்டாதீர்கள். பம்ப் வேகத்தை பயாஸில் நூறு சதவீதமாக வைத்துவிடுங்கள், ஃபேன் வேகத்தை மட்டும் ஏற்றி இறக்குங்கள்.

லிக்விட் யாருக்குச் சரி என்றால், 14900கே, 7950எக்ஸ் வைத்து இரவு முழுக்க ரெண்டர் விடுபவருக்கு. உயரமான டவர் நுழையாத சின்னக் கேபினெட்டுக்கு. இன்னொரு வகையினர், விடுமுறைக்கு விடுமுறை மெஷினை ஊருக்குத் தூக்கிச் செல்லும் காட்பாடிப் பக்கத்து மாணவர்கள். நாக்டுவா என்ஹெச்-டி15 போன்ற பெரிய டவர் இரண்டு ஃபேனோடு 1.3 கிலோ. பஸ் குலுக்கலில் அந்த எடை மதர்போர்டை வளைக்கும். டவர் கூலரோடு பயணம் என்றால், மதர்போர்டு தரைக்குக் கிடையாக இருக்கும்படி கேபினெட்டைப் படுக்க வைத்து எடுத்துப் போங்கள். பார்சலில் அனுப்புவதானால் கூலரைக் கழற்றிவிடுங்கள்.

தனித்தனிப் பாகமாக வாங்கிக் கட்டும் லிக்விட் கூலரான கஸ்டம் லூப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மூர் போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பது குழாய் நுனியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். கேன் தண்ணீரும் வேண்டாம். பேட்டரி தண்ணீரில் உப்பு இல்லை, ஆனால் துருவைத் தடுக்கவும் பாசியைத் தடுக்கவும் அதில் எதுவும் இல்லை. அதற்கென்றே விற்கும் கூலன்ட் மட்டும். செப்பு பிளாக்கோடு (ப்ராசசர் மேல் உட்காரும் பாகம்) அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்காதீர்கள், இரண்டு உலோகமும் ஒரே திரவத்தில் இருந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும்.

இனி மாட்டும் வேலை. வாங்கும் முன் மூன்று அளவு பாருங்கள்: கேபினெட் அனுமதிக்கும் கூலர் உயரம், உங்கள் கூலரின் உயரம் (பியர்லெஸ் அசாசின் 155, ஏகே620 160, என்ஹெச்-டி15 165 மில்லிமீட்டர்), ராம் உயரம். சாதாரண ராம் 32 மில்லிமீட்டர் அளவு. விளக்கு வைத்த ராம் 44 வரை போகும், முன் ஃபேனில் இடிக்கும். ஃபேனை மேலே தூக்கி மாட்டலாம், ஆனால் தூக்கிய அளவு உயரமும் கூடும்.

உங்கள் 7700எக்ஸ் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டில் இரண்டு பக்கமும் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பிடிகளை நான்கு ஸ்க்ரூ கழற்றி எடுங்கள். பின்பக்க உலோகத் தகடு அப்படியே இருக்கும், கூலர் அதில்தான் பொருந்தும். பிறகு கூலரின் அடியைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி போல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். இதை எடுக்க மறந்து மாட்டி, "கூலர் சரியில்லை" என்று திருப்பிக் கொடுக்க வருபவர்கள் நிறைய. தெர்மல் பேஸ்ட்டை நடுவில் ஒரு பட்டாணி, நான்கு மூலைப் பக்கம் மிளகளவு புள்ளிகள். விரலால் தேய்க்க வேண்டாம், கூலரின் அழுத்தமே பரப்பிவிடும். இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறி, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று சுற்றாக முறுக்குங்கள். ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், பேஸ்ட் ஓரமாக ஒதுங்கும். ஃபேனில் குறுக்குக் கம்பிகள் தெரியும் பக்கம் காற்று வெளியே வரும் பக்கம். அது கேபினெட்டின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். ஃபேன் வயரை சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில் செருகுங்கள். ஏஐஓ என்றால் பம்ப் வயரை மதர்போர்டில் பம்ப் என்று எழுதிய ஹெடரில் (வயர் செருகும் இடம்), ரேடியேட்டர் ஃபேனை சிபியு ஃபேனில். சிபியு ஃபேன் இடம் காலியாக இருந்தால் ஆன் செய்ததும் ஃபேன் எரர் என்று நின்றுவிடும்.

முதல்முறை ஆன் செய்து பயாஸிலேயே ஐந்து நிமிடம் நில்லுங்கள். வெயில் காலத்தில் 50, 55 வரை இருந்தால் சரி. 80ஐ நோக்கி ஏறிக்கொண்டே போனால் உடனே அணைத்து, அந்த பிளாஸ்டிக் தாளையும் பம்ப் வயரையும் பாருங்கள்.

பழைய ஏஎம்4 (முந்தைய ரைசன்களின் சாக்கெட்) மெஷினில் கூலரை மாற்றுபவர்களுக்கு: குளிர்ந்த மெஷினில் கூலரை நேராக இழுத்தால், காய்ந்த பேஸ்ட் ப்ராசசரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றி, பவர் வயரைக் கழற்றிவிட்டு, கூலரை இடம் வலமாக மெதுவாகத் திருகித் தளர்த்திய பிறகு தூக்குங்கள்.

சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலை ஓரம் வீடு என்றால் புழுதி உங்களுக்குத் தெரிந்ததே. கூலர் எதுவானாலும் ஃபேனுக்கும் தகட்டுக்கும் இடையில்தான் சாம்பல் நிறக் கம்பளி மாதிரி தூசு படியும். டவரில் இரண்டு கம்பிக் கிளிப்பை விலக்கினால் ஃபேன் கையோடு வந்துவிடும். 360 ரேடியேட்டரில் அது கண்ணுக்கே தெரியாது, பன்னிரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால்தான் தெரியும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விட்டால் பேரிங் கெடும். முன்பக்க வலையைக் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். பின்பக்கம் கழற்றிய ஸ்லாட் மூடிகளைத் திரும்பப் போட்டுவிடுங்கள். அந்தச் சந்து வழியாகத்தான் பல்லி உள்ளே போகும், போய் மின்சாரம் பாயும் இடத்தில் மாட்டிச் செத்தால் போர்டோடு போகும்.

ஜன்னலோர ஏர் கூலரின் காற்று நேராகக் கேபினெட்டில் படும்படி மட்டும் வைக்காதீர்கள். அது அறைச் சூட்டை இறக்கும், ப்ராசசருக்கும் நல்லதுதான். ஆனால் காற்றோடு வரும் நுண்ணிய நீர்த்திவலைகளில் போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்து வரும், ராம் கனெக்டரிலும் ஸ்லாட்டிலும் வெள்ளையாகப் படிந்து அரிக்கும். கூலரை ஒரு ஜன்னலில் வையுங்கள், எதிர்ப் பக்கம் ஒரு ஜன்னலைத் திறந்து விடுங்கள், மெஷினை அந்த நேர்கோட்டுக்கு வெளியே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.